நான் வாங்காத டோக்கன்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை அதிகம், மஞ்சுநாத் சார். போன தடவை வந்தபோதும் அப்படித்தான் இருந்தது. மகளைப் பறிகொடுத்தவள் என்று மரியாதையாகக் கொடுத்த டீயில் குறை சொல்வது அழகில்லை என்று அன்றைக்குப் பேசாமல் குடித்துவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல ஏட்டு கன்னடத்தில் எழுதட்டும் என்றீர்கள். நானே தமிழில் எழுதித் தருகிறேன், ஏட்டு பிறகு அதைக் கன்னடத்தில் மாற்றி எழுதிக்கொள்ளட்டும் என்றது உங்கள் மேல் சந்தேகப்பட்டு அல்ல. கன்னடம் எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. என் பெயரில் இருக்கப்போவதை நான் ஒரு முறையாவது வாசித்துப் பார்க்க வேண்டும் இல்லையா? பத்தாவது வரை தமிழில் படித்தவள் நான். எழுத்துப் புரியும்.

முதலில் ஜெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு நான் வேறு யாரோ போலத் தெரிவேன்.

என் தம்பி வேந்தன் ஜெயிலுக்குப் போனவன். கைகலப்பில் கூட்டாளி ஒருத்தரின் கண்ணைக் குத்திவிட்டான். போகும்போது மாடு மாதிரி அழுதான். அக்கா, அந்த ஆளுக்குக் கண்ணு இன்னா ஆச்சுன்னு கேட்டுச் சொல்லு, கேட்டுச் சொல்லு என்று கத்திக்கொண்டே வண்டியில் ஏறினான். உள்ளே போனதும் அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் சோறு சரியில்லை என்பான், கொசு என்பான், இன்னும் எத்தனை மாசம் என்பான். “இன்னாடா பண்ற உள்ள?” என்றால், “செவுத்துல கோடு போடறேன்க்கா, வேற இன்னா வேலை?” என்பான்.

வெளியே வந்தான். பார்வை போன அந்த மனிதர் எங்கள் லைன் வீட்டு வரிசை முனையில் பெட்டிக்கடை வைத்திருந்தார். வேந்தன் நேராக அங்கே போய் பீடி வாங்கினான். தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேட்டான். அவர் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டவனாக இருந்து அப்படிச் செய்யவில்லை, சார். அவன் கணக்கில் கடன் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஜெயில் என்பது செய்ததை மறப்பதற்கு அரசாங்கம் சோறு போட்டு வைத்திருக்கும் இடம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

என் மகள் ஓவியாவை உங்களுக்கு போட்டோவில்தான் தெரியும். தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு வேலை என்றால் ரயில் ஏற வேண்டும். விடிவதற்கு முன்னால் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நடப்பாள். தக்காளி சோறும் வேகவைத்த முட்டையும் கட்டிக் கொடுப்பேன். முட்டையை உரித்து வைத்துவிட்டால் கோபம் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து அவளே உரிக்க வேண்டும். எத்தனையோ மறந்துபோயிற்று, அது மறக்க மாட்டேன் என்கிறது.

மார்கழிப் பனியில் ரோட்டோரம் கிடந்தாள். ரயிலுக்குப் போனவர்கள் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடி பெரிதில்லை, ரத்தம் போனதுதான் காரணம், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். அவர் நல்ல மனிதர். ஆனால் அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். மோதிவிட்டுப் போனது எந்த வண்டி என்று தெரியவில்லை. நீங்களும் பனியில் அலைந்து தேடினீர்கள்.

சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் உதய் வந்தான். பக்கத்து லைன் பாப்பம்மாவின் மகன். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு ராத்திரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஓவியா அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். வாசலிலேயே நின்றான்.

“நான்தாம்மா,” என்றான். “கண்ணு சொக்கிடுச்சு. எறங்கிப் பாத்தேன். பேசுச்சு.”

“இன்னா பேசுச்சு?”

“உதய்ண்ணா, தண்ணின்னு கேட்டுச்சு.”

வண்டியில் தண்ணீர் பாட்டில் இருந்ததாம். பயத்தில் அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டானாம். பாட்டில் விஷயத்தை நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். “ஸ்டேஷனுக்கு வாங்கம்மா. நீங்க கூட இருந்தா தைரியமா சொல்லிடுவேன்,” என்று கையைப் பிசைந்தான்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். என் மகள் எந்த உப்பையும் தின்னவில்லை. அவளும்தான் தண்ணீர் கேட்டாள்.

அவனைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க வேந்தனின் முகம்தான் வந்தது. இவனும் உள்ளே போவான், சுவரில் கோடு போடுவான், வெளியே வந்து என் வாசல் வழியாகத் தலை நிமிர்ந்து நடப்பான். ஜெயிலில் யார் ஓவியாவின் பெயரைச் சொல்வார்கள்?

“ஜெயிலுக்குப் போயி இன்னா பண்ணப் போற?” என்றேன். “இங்க வா. அவ இருந்தா எனக்கு இன்னா பண்ணுவாளோ அதப் பண்ணு. போதும்.”

காலில் விழுந்தான். சாயங்காலம் அவன் சொல்லித் தெரிந்துகொண்டு பாப்பம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுக்கா. நீ மனுசியே இல்ல, தெய்வம்,” என்று அழுதாள். நானும் அழுதேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து புத்தர்தான். கருணை என்ற சொல்லை விகாரையில் கேட்டே வளர்ந்தவள் நான். அன்றைக்கு என் மனதில் கெட்டது ஒன்றும் இல்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும்.

டோக்கன் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பெங்களூர்க்காரர், தெரிந்திருக்காது. ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. இறங்கும்போது எடுத்துப் போவான். மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான், அதை வாங்கி ஆணியில் மாட்டுவார்கள். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். டோக்கனைக் கொடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

என் வீட்டுக்காரர் சின்னப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் இருந்தார். கடைசி ஷிப்டு அன்றைக்கு ஒரே குழப்பம், மேலே வந்தபோது டோக்கனை வாங்க ஆள் இல்லை. கையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. “யாரும் வாங்கிக்கலடி சாரதா, நான் இன்னும் கீழதான் கீறேன்,” என்பார். சாகும் வரைக்கும் சொன்னார். வாங்காத டோக்கன் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அந்த டோக்கனைத்தான் உதய்க்குக் கொடுத்தேன். காலையில் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் ஆணியில் மாட்டினால் அன்றைய வேலை முடிந்தது. ஒரு ஒழுங்குக்காகச் செய்தது. அவனும் சுரங்கக்காரர் பேரன்தானே, உடனே புரிந்துகொண்டான்.

தண்ணீர் பிடித்தான், ரேஷனுக்குப் போனான். பிறகு விடியற்காலையில் ஓவியாவின் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் நடந்த ரோட்டிலேயே ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னேன். வண்டி புறப்படும் வரை பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து முட்டையை உரித்துச் சாப்பிட வேண்டும். வண்டி ஓட்டும் வேலையை விட்டுவிடு என்றேன், விட்டான். போன் எதற்கு என்றேன், கொடுத்துவிட்டான். நான் எதற்கும் சத்தம் போட்டதில்லை. ஒரு தடவைகூட அவன் மேல் கை வைத்ததில்லை.

சாயங்காலம் டோக்கனை வாங்குவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லச் சொல்வேன். கண் சொக்கியதிலிருந்து, பாட்டில் வரைக்கும். தினமும். ஒரு வார்த்தை விட்டுப்போனால் முதலிலிருந்து. அழுதுகொண்டே சொல்வான். நானும் கேட்டுக்கொண்டு அழுவேன். என் மகள் கடைசியாகப் பேசிய பேச்சு அவனிடம் மட்டும்தானே இருந்தது? உதய்ண்ணா, தண்ணி. இரண்டே வார்த்தை. அவன் வாயிலிருந்து அதைக் கேட்டால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். இந்த ஏற்பாட்டில் யாருக்கு என்ன கெடுதல் என்று நீங்களே சொல்லுங்கள்.

நடுவில் பாப்பம்மா அவனுக்குப் பெண் பார்த்தாள். பேத்தமங்களா பக்கத்துப் பெண், பெயர் ராதிகா. உதய் என்னிடம் வந்து தலை குனிந்து நின்றான். “எனக்கு இன்னாப்பா ஆட்சேபணை?” என்றேன். “ஆனா ஓவியாவுக்கு இன்னும் கல்யாணம் ஆவலயே.” அவ்வளவுதான் சொன்னேன். வேண்டாம் என்று அவனேதான் பெண் வீட்டில் சொல்லிவிட்டு வந்தான். அந்தப் பெண் நல்லபடியாக வேறு இடத்தில் வாழ்கிறது.

போன வருஷம் பெங்களூரிலிருந்து சட்டம் படிக்கிற பிள்ளைகள் விகாரைக்கு வந்தார்கள். ஜெயில் எதற்கு, அதற்குப் பதிலாக வேறு என்ன செய்யலாம் என்று ஒரு கூட்டம். குற்றம் செய்தவனும் பாதிக்கப்பட்டவனும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும், கெடுத்ததை அவன் கையாலேயே சரிசெய்ய வைக்க வேண்டும் என்று இந்து என்ற பெண் அழகாகப் பேசினாள். நானும் எழுந்து பேசினேன். வேந்தன் கதையைச் சொன்னேன். அடைத்து வைத்தால் ஒருத்தன் தன் வலியைத்தான் நினைப்பான், மற்றவர் வலியை நினைக்க மாட்டான் என்றேன். நிறைய நேரம் கை தட்டினார்கள். இந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கூட்டத்துக்கு நாற்காலி போட்டதும் எடுத்து அடுக்கியதும் உதய்தான். அந்தப் பெண் அவனுக்குக்கூட நன்றி சொன்னாள்.

அன்று சாயங்காலம் டோக்கனை நீட்டிக்கொண்டு நின்றவன், “ஜெயில்னா ஒரு தேதி இருக்கும்லம்மா?” என்றான்.

“இருக்கும்.”

“எனக்கு எப்போ?”

“தேதி சொல்றதுக்கு நான் இன்னா ஜட்ஜா?” என்றேன். உண்மையும் அதுதான். ஓவியா எப்போது திரும்பி வருவாள் என்று எனக்கு யாராவது தேதி சொன்னார்களா?

மறுநாள் அவன் உங்களிடம் வந்தான். நான்தான் அடித்தேன், என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். “கூத்கொள்ளிம்மா” என்று உட்காரச் சொல்லி நாற்காலி போட்டீர்கள், சர்க்கரை அதிகமான டீ வாங்கிக் கொடுத்தீர்கள். பாவம் சார், கூடப் பிறக்காத குறைதான், அவள் போன துக்கத்தில் பையனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றேன். விபத்து நடந்த விடியற்காலையில் எங்கே இருந்தான் என்று கேட்டீர்கள். என் வீட்டில், எனக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான் என்றேன். பெற்றவளே சொல்லும்போது நீங்கள் வேறு என்ன செய்ய முடியும்? உங்கள் மேல் தப்பில்லை. நான் சொன்னது பொய். இதை ஏட்டு தெளிவாக எழுத வேண்டும்.

அவன் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் என்னைக் கும்பிட்டார்கள். 

அதற்குப் பிறகு அவன் சொல்வதில் அழுகை நின்றுபோயிற்று. வார்த்தை ஒன்றும் விட்டுப்போகாது, ஆனால் ரயில் அறிவிப்பு மாதிரி ஒப்பிப்பான். உதய்ண்ணா, தண்ணி என்பதையும் அந்தக் குரலிலேயே சொல்வான். என் பிள்ளையின் குரலை அவன் துடைத்துவிட்டான், சார். எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் அவன் ஒப்பித்து முடித்து டோக்கனை நீட்டியபோது நான் கை நீட்டவில்லை.

“டோக்கன்மா,” என்றான்.

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, வாங்கிக்குங்கம்மா.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னான். விளக்கேற்றும் நேரம் வரைக்கும் நீட்டிய கையோடு நின்றான். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். காலியான ஆணியைப் பார்த்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் டப்பாவை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனவன் திரும்பவில்லை. நான் தேடிப் போனேன். சுரங்கக் கழிவைக் கொட்டி வைத்த சயனைடு மண்மேட்டுக்குப் பின்னால் அவன் குறுக்கு வழியில் வருவது எனக்குத் தெரியும். அங்கே பாதி தூர்ந்துபோன பழைய சுரங்கக் குழி ஒன்று இருக்கிறது, நீங்கள் இப்போது பார்த்திருப்பீர்கள். விளிம்பில் அவன் செருப்பும் டப்பாவும் இருந்தன. டப்பாவைக் கழுவி வைத்திருந்தான். தவறி விழுந்தானா, குதித்தானா என்று கேட்டீர்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் தவறி விழ மாட்டார்கள்.

குனிந்து பார்த்தேன். உயிரோடுதான் இருந்தான். கால் மடங்கிக் கிடந்தது.

“யாரு, அம்மாவா?” என்றான். தண்ணீர் கேட்கவில்லை. என்னிடம் அந்தச் சொல்லைக் கேட்க அவனுக்கு வாய் வந்திருக்காது. சட்டைப்பையைத் தடவி டோக்கனை எடுத்து மேலே நீட்டினான். “இத மட்டும் வாங்கிக்குங்கம்மா.”

“ஷிப்டு இன்னும் முடியலடா,” என்றேன்.

டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் டீக்கடை திறந்திருந்தது, ஆட்டோக்காரர்கள் நின்றிருந்தார்கள், ஒருவர் என்னை நலம் விசாரித்தார். உலை வைத்தேன். பாப்பம்மா எட்டிப் பார்த்து, “உதய் வந்தானாக்கா?” என்றாள். “வேலையா கீறான்,” என்றேன். “ஒங்கூட இருந்தா எனக்குக் கவலையே இல்லக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வரைக்கும் அவனுக்கு உயிர் இருந்திருக்கும், யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள். தயங்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். வெயில் இறங்கிய பிறகு நான் இன்னொரு முறை போனேன்.

கிட்டே போகும்போதே குரல் கேட்டது. முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். மேலே ஆள் இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது, இருந்தும் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணு சொக்கிடுச்சும்மா, எறங்கிப் பாத்தேம்மா என்று. அழுதுகொண்டே சொன்னான். பழையபடி, முதல் நாள் வாசலில் நின்று சொன்ன மாதிரி. உதய்ண்ணா, தண்ணி என்றபோது அது என் ஓவியாவின் குரலாகவே இருந்தது. நான் விளிம்பில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். முடித்துவிட்டு மறுபடியும் தொடங்கினான். அதையும் கேட்டேன். மூன்றாவது தடவை நடுவில் நின்றுபோயிற்று. மீதியை நான்தான் சொல்லி முடித்தேன்.

குப்பை கொட்ட வந்தவர்கள் பிறகு பார்த்துச் சொன்னார்கள். அவன் கைக்குள் இருந்த டோக்கனை நீங்கள் காட்டியதும் பாப்பம்மாதான், இது சாரதாக்கா வீட்டுது என்று சொல்லியிருக்கிறாள். காட்டிக்கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. நன்றியாகச் சொல்லியிருக்கிறாள். நேற்றும் இங்கே எனக்குச் சோறு கொண்டுவந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “எம்புள்ளய ஒரு நாளுகூட இங்க நிக்க வுடலயேக்கா நீ,” என்று அழுதாள். அவள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டேன். நான் எழுதியதை அவளுக்கு மட்டும் வாசித்துக் காட்டாதீர்கள், சார். அவளுக்கு வேறு யாரும் இல்லை.

எனக்கு எத்தனை வருஷம் கிடைக்கும் என்று கேட்டேன். ஜட்ஜ் சொல்வார், எப்படியும் ஒரு தேதி தெரிந்துவிடும் என்றீர்கள். அதைக் கேட்டதும் மனதுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நேற்றுப் படுத்த உடனே தூக்கம் வந்தது. ஜெயிலால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த டோக்கன் சாட்சிப் பொருள், இப்போது தர முடியாது என்று சொல்லிவிட்டீர்கள். சரி, இருக்கட்டும். கடைசியாக ஒன்று மட்டும் கேட்கிறேன். கன்னடத்தில் எழுதும்போது ஏட்டு இதை விட்டுவிடக் கூடாது: உதயை நான் ஒரு நாள்கூட ஜெயிலுக்கு அனுப்பவில்லை.